முற்றுக்குறியை வாசித்த புரதங்கள்

பண்டைத் தமிழ் ஏட்டுச்சுவடிகளை எடுத்து நோக்குவோர் முதலிற் காணும் இடர்ப்பாடு, அவற்றிற் சொற்களுக்கிடையே வெளியும் வாக்கியத்தின் இறுதியில் முற்றுப்புள்ளியும் இல்லாமையாகும். மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுதல்கூடப் பெரும்பாலான ஏடுகளிற் காணப்படுவதில்லை. அவ்வாறிருந்தும் கற்றறிந்தோர் அவற்றைத் தடையின்றி வாசித்தனர். வாக்கியம் எங்கே முடிகின்றது என்பதை அவர்களுக்கு உணர்த்தியது ஏட்டின்மீது கீறப்பட்ட தனிக்குறி எதுவுமன்று. வினைமுற்றைக் கண்டவிடத்து இது முடிவு எனத் துணியும் அவர்தம் பயிற்சியே ஆகும்.

உயிர்க்கலத்தினுள் எழுதப்பட்டிருக்கும் எழுத்தும் இத்தகையதே. பரம்பரையலகில் உள்ள செய்தி தூது ஆர்.என்.ஏ. என்னும் நீண்ட இழையிற் பிரதி செய்யப்படுகின்றது. அவ்விழையில் யூ, சீ, ஏ, ஜி என்னும் நான்கு எழுத்துகளே உண்டு. மும்மூன்று எழுத்துகள் ஒரு சொல்லாக இறைபோசோம் என்னும் நுண்ணுறுப்பு அதனை வாசித்துச் சென்று, ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அமினோவமிலமாகக் கோத்துப் புரதச் சங்கிலியை ஆக்குகின்றது. சொல்லுக்கும் அமினோவமிலத்துக்கும் இடையே துபாசிபோல் நிற்பது இடமாற்று ஆர்.என்.ஏ. எனப்படும் சிறு மூலக்கூறாகும். நான்கு எழுத்துகளால் ஆகும் மூவெழுத்துச் சொற்கள் 64. அவற்றுள் 61 அமினோவமிலங்களைக் குறிக்கின்றன. எஞ்சிய மூன்றாகிய யூஏஜி, யூஏஏ, யூஜிஏ என்பன சங்கிலியின் முடிவைக் காட்டும் முற்றுக்குறிகள். இவற்றை வாசிப்பது யார் என்னும் வினாவுக்கு விடை காண ஏறக்குறைய 45 ஆண்டுகள் சென்றன. அவ்வரலாற்றின் தொடக்கத்தில் அகமதாபாத்தைச் சேர்ந்த ஒருவரும், முடிவை ஒட்டிய கட்டத்திற் சிதம்பரத்திற் பிறந்த ஒருவரும் இடம்பெறுதல் தமிழ் மாணவர் அறிந்திருக்கத்தக்கது.

1961ஆம் ஆண்டு இத்துறைக்குப் பொன்னாண்டு. அவ்வாண்டில் அமெரிக்காவின் பெதெஸ்டாவில் மார்சல் நிரன்பேக்கும் ஹைன்றிக் மத்தாயியும் யூ என்னும் எழுத்து மட்டுமே கொண்ட செயற்கை ஆர்.என்.ஏ.யை எசெரிக்கியா கோலி என்னும் குடற் பற்றீரியாவின் சாற்றில் இட்டு, பினைலலனீன் மட்டுமே கோக்கப்பட்ட சங்கிலியைப் பெற்றனர். அதே ஆண்டு கேம்பிரிட்ஜில் பிரான்சிஸ் கிரிக், சிட்னி பிரென்னர் முதலியோர் பற்றீரியாவைத் தாக்கும் வைரசுகளைக் கொண்டு, சொல் மூவெழுத்தினது என்பதையும், சொற்களுக்கிடையே காற்புள்ளி போன்ற பிரிப்பு எதுவும் இல்லை என்பதையும் நிறுவினர். காற்புள்ளி இல்லாத எழுத்தில் முற்றுப்புள்ளி மட்டும் உண்டோ என்பதே அடுத்த வினாவாயிற்று.

விடைக்கு வழிகாட்டியவை சில விசித்திரமான விகாரங்களாகும். கலிபோர்னியாத் தொழினுட்ப நிறுவனத்தில் டீ4 என்னும் வைரசை ஆராய்ந்தோர், ஒருவகைப் பற்றீரியாவில் வளர்ந்தும் வேறொரு வகையில் வளராதும் போகும் விகாரிகளைத் தேடினர். தேடும் வேலைக்கு உதவிக்கு வந்த மாணவர் பேர்ன்ஸ்ரைன் என்னும் பெயரினர். அவ்விகாரி அகப்படின் அதற்கு அவர் குடும்பப் பெயரையே இடுவதாக வாக்களிக்கப்பட்டதாம். பேர்ன்ஸ்ரைன் என்னும் ஜெர்மன் சொல்லுக்கு அம்பர், அதாவது ஓர்க்கோலை என்பது பொருள். எனவே யூஏஜி என்பதற்கு அம்பர் என்னும் பெயர் நிலைத்தது. பின்வந்த யூஏஏ, யூஜிஏ ஆகியவற்றுக்கு முறையே காவிமண்ணின் பெயராகிய ஓக்கர், மணியின் பெயராகிய ஓப்பல் என்பன இடப்பட்டன. அறிவியற் கலைச்சொல் எல்லாம் ஆழ்ந்த சிந்தனையின் விளைவென்று எண்ணுவோருக்கு இது நல்லதொரு மறுப்பு.

அம்பர் விகாரம் என்ன செய்கின்றது என்பதைக் காட்டியவர்களுள் முதற்பெயர் ஆனந்த் சாராபாய் என்பாருடையது. அகமதாபாத்தின் புகழ்பெற்ற சாராபாய் குடும்பத்தைச் சேர்ந்த இவர், கேம்பிரிட்ஜில் ஸ்ரெற்றன், பிரென்னர், பொல் ஆகியோருடன் இணைந்து, டீ4 வைரசின் தலைப்புரதத்தை ஆராய்ந்தார். பரம்பரையலகின் வெவ்வேறிடங்களில் அம்பர் விகாரம் உற்ற வைரசுகள் ஒவ்வொன்றும் அப்புரதத்தின் ஒரு துண்டை மட்டுமே ஆக்கின. விகாரம் தொடக்கத்துக்கு அண்மையில் இருப்பின் துண்டு குறுகியது; தொலைவில் இருப்பின் நெடியது. 1964இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த இவ்வாய்வு இரு உண்மைகளை ஒருங்கே உணர்த்திற்று. பரம்பரையலகின் வரிசையும் புரதத்தின் வரிசையும் ஒன்றோடொன்று இணங்கிச் செல்கின்றன என்பது ஒன்று. அம்பர் விகாரம் உற்ற இடத்திற் சங்கிலி அறுந்து நிற்கின்றது என்பது மற்றொன்று. 1965இல் பிரென்னர் குழுவினரும், யேல் பல்கலைக்கழகத்தில் வைகேட், கேரன் என்போரும் தனித்தனியே அக்குறிகள் யூஏஜி, யூஏஏ எனத் துணிந்தனர். யூஜிஏ 1967இல் மூன்றாவதாகச் சேர்ந்தது. இவற்றைப் ‘பொருளற்ற சொற்கள்’ என்று அக்காலத்தார் அழைத்தமை பொருத்தமன்று. முடிவைக் குறிப்பதும் ஒரு பொருளே அன்றோ?

ஏனைய 61 சொற்களையும் வாசிப்பது ஆர்.என்.ஏ. ஆகலின், முற்றுக்குறியை வாசிக்கவும் தனியொரு இடமாற்று ஆர்.என்.ஏ. இருத்தல் கூடும் என்று கருதப்பட்டது. எழுத்தோடு எழுத்து இணைசேர்தலே வாசிப்பு என்னும் கொள்கை அத்துணை அழகியதாக இருந்தது. அக்கருத்தைத் தகர்த்தவர் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் இளம் ஆய்வாளராயிருந்த மரியோ கப்பெக்கி. அவர் எடுத்துக்கொண்டது ஆர்17 என்னும் வைரசின் உறைப்புரதம். அதன் ஏழாவது சொல் அம்பராக மாறிய விகாரியில் ஆறு அமினோவமிலங்கள் கொண்ட சிறுசங்கிலி மட்டுமே ஆகும். அச்சங்கிலி இறைபோசோமிலிருந்து விடுபட எப்பொருள் வேண்டும் என்று ஒவ்வொன்றாக நீக்கியும் சேர்த்தும் நோக்கிய கப்பெக்கி, வேண்டப்படுவது ஒரு புரதம் என 1967இல் வெளியிட்டார். அதற்கு விடுவிப்புக் காரணி என்னும் பெயர் வழங்கலாயிற்று. (எலிகளிற் பரம்பரையலகை மாற்றும் முறைக்காக 2007இல் நோபெல் பரிசு பெற்றவரும் இவரே.)

அடுத்த ஆண்டே நிரன்பேக்கின் ஆய்வுகூடத்தில் ஸ்கொல்னிக், தொம்கின்ஸ், கஸ்கி ஆகியோர் காரணி ஒன்றன்று, இரண்டு எனக் காட்டினர். முதற் காரணி யூஏஏ, யூஏஜி ஆகியவற்றையும், இரண்டாம் காரணி யூஏஏ, யூஜிஏ ஆகியவற்றையும் வாசிக்கும். யூஏஏ இரண்டுக்கும் பொது. எசெரிக்கியா கோலியின் பரம்பரையலகுகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 63 யூஏஏயில் முடிவதும், யூஏஜியில் முடிவன எட்டளவே ஆவதும் பின்னாளில் அறியப்பட்டன. இருவர் காக்கும் வாயிலையே இயற்கை பெரிதும் நம்பியது போலும்.

குறி தானாக நிறுத்துவதில்லை. குறியைக் கண்டு நிறுத்துபவர் ஒருவர் வேண்டும் என்பதே இக்கண்டுபிடிப்புகளின் சாரம். கண்டியிலிருந்து அம்பிட்டிய ஊடாகத் தலாத்துஓயாவுக்குச் செல்லும் பஸ் அம்பிட்டியத் தரிப்பிடத்தில் நிற்பது அங்குள்ள பலகையின் வலியாலன்று. நடத்துநர் மணி அடிப்பதால். அவர் அயர்ந்தால், அன்றி வேறொருவர் முந்திக்கொண்டு செல்லுமாறு மணி அடித்தால், பலகை அங்கேயே நிற்கப் பஸ் அப்பாற் சென்றுவிடும். பற்றீரியாவினுள்ளும் இது நிகழ்கின்றது. இறைபோசோமின் வாயிலில் முற்றுக்குறி வந்து நிற்கும் கணத்தில் இருவகை மூலக்கூறுகள் அவ்விடத்துக்குப் போட்டியிடுகின்றன. ஒன்று விடுவிப்புக் காரணி. மற்றையது, நீட்சிக் காரணியாகிய இ.எஃப்.-டீயூ என்னும் புரதம் சுமந்துவரும் இடமாற்று ஆர்.என்.ஏ.

இப்போட்டியில் இரண்டாவது வெல்லுமாறு பிறந்தவையே ‘அடக்கி’ விகாரிகள். தைரோசீனைக் கொணரும் இடமாற்று ஆர்.என்.ஏ.யில் ஒரே ஓர் எழுத்து மாறியமையால் அது யூஏஜியை வாசிக்க வல்லதாயிற்று என்பதை 1968இற் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் காட்டினர். பஞ்சாபில் ராய்ப்பூர் என்னும் சிற்றூரிற் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா, பின்னர் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் இருந்தபோது, உயிர்க்கலத்தில் வேலை செய்யும் பரம்பரையலகு ஒன்றை முதன்முதலாக இரசாயன முறையால் முழுமையாக ஆக்கி முடித்தார். 207 எழுத்திணைகள் கொண்ட அப்பரம்பரையலகு எதனுடையது எனின், இதே தைரோசீன் அடக்கியினுடையது. அது தேர்ந்துகொள்ளப்பட்டமைக்குக் காரணம் உண்டு. பற்றீரியாவினுள் அது வேலை செய்கின்றதா என்பதை அம்பர் விகாரி பிழைத்தெழுவதைக் கொண்டே அறிந்துவிடலாம். 1976இல் அது வேலை செய்தது.

காரணிகளின் வலிமை குன்றினும் மிகினும் வாசிப்பு மாறும். சுவீடனில் றீடென், ஈசாக்சன் என்போர் 1984இல் விவரித்த விகாரியில் முதற் காரணி பழுதுற்றிருந்தமையால் யூஏஜியும் யூஏஏயும் அடிக்கடி பிழையாக வாசிக்கப்பட்டன. மறுதலையாக, முதற் காரணியை மிகுதியாக ஆக்கும் பற்றீரியாவில் அம்பர் அடக்கியின் ஆற்றல் குறைந்தது. இ.எஃப்.-டீயூவில் உண்டாகும் சில விகாரங்களும் முற்றுக்குறியைத் தாண்டிச் செல்ல இடந்தருகின்றன. இறைபோசோமின் சொந்தப் புரதங்களுக்கும் இதிற் பங்குண்டு. காசநோய் மருந்தாகிய ஸ்ரெப்தோமைசின், இறைபோசோமின் வாசிப்பைக் குழப்பி, விகாரமுற்ற பரம்பரையலகிலிருந்தும் சிறிதளவு நற்புரதம் உண்டாகச் செய்யும் என 1964இலேயே லூயிஜி கோரினி ஹார்வார்டிற் கண்டிருந்தார். அம்மருந்துக்கு எதிர்ப்புடைய பற்றீரியாக்களின் எஸ்12 என்னும் புரதம் மாறி, வாசிப்பு அளவுகடந்து கண்டிப்பாகிவிடுகின்றது. எஸ்4 மாறின் அது தளர்கின்றது.

மூன்றாவது காரணி ஒன்றும் உண்டு. 1969இற் கஸ்கி குழுவினர் அதன் இருப்பைக் கண்டனர். எனினும் அதன் பரம்பரையலகு 1994இற்றான், பாரிசிலும் தோக்கியோவிலும் ஒரே காலத்தில், இனங்காணப்பட்டது. அது முற்றுக்குறியை வாசிப்பதில்லை. வாசித்து முடித்த காரணியை இறைபோசோமிலிருந்து அகற்றுவதே அதன் தொழில். இவையெல்லாம் முடிந்தபின் இறைபோசோமைப் பிரித்து அடுத்த வேலைக்கு ஆயத்தப்படுத்தும் மீள்சுழற்சிக் காரணியைக் காஜி என்னும் ஜப்பானிய ஆய்வாளர் கண்டறிந்தார். பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தில் உமேஷ் வர்ஷ்னி குழுவினர் காசநோய்ப் பற்றீரியாவின் அக்காரணியை ஆராய்ந்துள்ளனர்.

காரணிக்கும் குறிக்கும் உள்ள உறவின் உச்சத்தை இரண்டாம் காரணியின் பரம்பரையலகிலேயே காணலாம். 1985இல் கிரெய்கன், கஸ்கி, நியூசிலாந்தின் வாரன் தேற் முதலியோர் அதன் எழுத்து வரிசையை வாசித்தபோது, 26ஆவது சொல்லாக, எதிர்பாராத வகையில், யூஜிஏ என்னும் முற்றுக்குறி நின்றது. யூஜிஏயை வாசிப்பது எது? இரண்டாம் காரணியே. கலத்தில் அக்காரணி போதிய அளவு இருப்பின், அக்குறி வாசிக்கப்பட்டு, 25 அமினோவமிலங்களோடு சங்கிலி வீணே முடிந்துவிடும். புதிய காரணி உண்டாகாது. காரணி அருகியிருப்பின் இறைபோசோம் அவ்விடத்தில் தயங்கி நிற்கும். தயங்கிய நிலையில் அது ஓரெழுத்து முன்னோக்கி வழுக்கி, புதிய எழுத்தடைவில் வாசிப்பைத் தொடர்ந்து, 365 அமினோவமிலங்கள் கொண்ட முழுக்காரணியை ஆக்கிவிடும். களஞ்சியத்தில் நெல் குறைந்தால் மட்டும் திறக்கும் மதகு போன்ற இவ்வொழுங்கில் மேற்பார்வையாளர் எவரும் இல்லை. குறியை அடுத்து நிற்கும் நான்காவது எழுத்து அங்கே சீ ஆக இருப்பதும் குறிப்பிடத்தக்கது. யூஜிஏயை அடுத்துச் சீ வரின் முற்றுக்குறி வலுக்குன்றும் என்பது தேற் என்பாரின் பின்னைய ஆய்வுகளாற் புலனாயிற்று.

தமிழ் இலக்கண நூலார் முற்றெச்சம் என்று ஒன்றைக் கூறுவர். ‘சென்றனன் கண்டான்’ என்புழிச் ‘சென்றனன்’ என்பது வடிவால் வினைமுற்று. ஆயினும் ‘சென்று’ என எச்சப்பொருள் தந்து மற்றொரு முற்றைக் கொண்டு முடிகின்றது. பற்றீரியாவின் மொழியிலும் முற்றெச்சம் உண்டு. போமேற் நீரகநீக்கி என்னும் நொதியத்தின் பரம்பரையலகில் நடுவே நிற்கும் யூஜிஏ சங்கிலியை முடிப்பதில்லை. செலீனியம் என்னும் மூலகத்தைக் கொண்ட செலனோசிஸ்தீன் என்னும் 21ஆவது அமினோவமிலத்தைக் குறிக்கின்றது. மியூனிக்கில் ஓகஸ்ற் பொக் குழுவினர் 1986இல் இதனையும், 1989இல் இதற்கென்றே அமைந்த செல்-பீ என்னும் தனி நீட்சிக் காரணியையும் வெளிப்படுத்தினர். யூஜிஏயை அடுத்துத் தூது ஆர்.என்.ஏ. மடிந்து கொண்டையிட்டிருக்கும், செல்-பீ அக்கொண்டையைப் பற்றிக்கொண்டு, விடுவிப்புக் காரணிக்கு முன் தன் சுமையை வாயிலில் இறக்கிவிடும். வடிவு ஒன்றே; சூழல் பொருளை மாற்றுகின்றது. மைக்கோபிளாசுமா என்னும் மிகச்சிறு பற்றீரியாவிலோ இரண்டாம் காரணியே இல்லை. அங்கே யூஜிஏ முற்றாகவே திரிந்து திரிப்தோபனைக் குறிக்கும் சாதாரணச் சொல்லாயிற்று என்பது 1985இல் ஜப்பானிய ஆய்வாளராற் கண்டறியப்பட்டது.

உயிரின் மொழி எங்கும் ஒன்றே, என்றும் மாறாதது என்னும் கொள்கைக்கு இஃதோர் இடி. கண்டி ஹந்தானையில் உள்ள அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் பணிப்பாளர் பொறுப்பை 1984இல் ஏற்ற சிரில் பொன்னம்பெரும, உயிரின் இரசாயனத் தோற்றத்தையே தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர். காலியிற் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பயின்று 1948இற் பட்டம் பெற்றபின் இரசாயனத்துக்குத் திரும்பியவர். மேர்ச்சிசன் விண்கல்லில் அமினோவமிலங்களை 1970இல் இனங்கண்டவர். அமினோவமிலங்கள் வானினின்று வந்தனவேனும், எச்சொல் எதனைக் குறிக்கும் என்னும் ஒப்பந்தம் கலத்தினுள்ளேயே எழுந்தது. அவ்வொப்பந்தம் திருத்தத்தக்கதே என்பதற்கு மைக்கோபிளாசுமா சான்று.

இனி, புரதம் எழுத்தை எவ்வாறு வாசிக்கின்றது? தோக்கியோவில் யோசிக்காசு நக்கமுரா குழுவினர் 2000இல் இதற்கு ஒரு விடை பகர்ந்தனர். இரு காரணிகளின் சிறு பகுதிகளை ஒன்றுக்கொன்று மாற்றி நோக்கியதில், முதற் காரணியிற் புரோலீன், அலனீன், திரியோனீன் என்னும் மூன்றும், இரண்டாம் காரணியிற் செரீன், புரோலீன், பினைலலனீன் என்னும் மூன்றும் குறியைத் தேர்ந்தறிவனவாகத் தோன்றின. காரணியின் மறுமுனையில் கிளைசீன், கிளைசீன், குளுத்தமீன் என்னும் மூன்று சங்கிலியை அறுத்துவிடுவன என்பதும் அறியப்பட்டிருந்தது. ஆயின் 2001இல் இரண்டாம் காரணியின் பளிங்குருவம் வெளிவந்தபோது ஒரு முரண்பாடு எழுந்தது. இறைபோசோமினுள் குறி நிற்கும் இடத்துக்கும் சங்கிலி அறுபடும் இடத்துக்கும் இடைத்தூரம் ஏறக்குறைய 75 அங்ஸ்ரம். பளிங்கிற் காணப்பட்ட காரணியின் இருமுனைகளுக்கும் இடையிலோ 23 அங்ஸ்ரம் மட்டுமே. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத நிலை. இறைபோசோமினுள் நுழைந்தபின் காரணி மடிப்பு விரிந்து நீள்கின்றது என்பதை 2003இல் இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்கள் காட்டின. எனினும் எழுத்துக்கு எழுத்து அதனைக் காண அவை போதா.

வேங்கடராமன் இராமகிருஷ்ணன் 1952இற் சிதம்பரத்திற் பிறந்து, பரோடாவில் வளர்ந்து, அங்கு 1971இற் பௌதிகவியலிற் பட்டம் பெற்றவர். ஒகாயோவிற் பௌதிகவியலிலேயே கலாநிதிப் பட்டம் பெற்றபின், அத்துறை தமக்கு ஏற்றதன்று எனக் கண்டு, கலாநிதியாகிய பின்னும் உயிரியலில் மீண்டும் மாணவராயினார். அத்துணிவு எளிதிற் பலருக்கு வாய்ப்பதன்று. யேலில் இறைபோசோம் ஆய்வில் இறங்கிய அவர் 1999இற் கேம்பிரிட்ஜின் மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடத்தை அடைந்து, அடுத்த ஆண்டே பற்றீரிய இறைபோசோமின் சிறு அலகின் அணுவமைப்பை வெளியிட்டார். அதற்காகத் தோமஸ் ஸ்ரைற்ஸ், ஆடா யோனத் ஆகியோருடன் 2009இல் இரசாயனவியல் நோபெல் பரிசைப் பகிர்ந்தார். சாராபாயும் பிரென்னரும் 1964இற் பணியாற்றிய ஆய்வுகூடமும் இதுவே.

2008இல் முதற் காரணி யூஏஏயை வாசிக்கும் நிலையைக் கலிபோர்னியாவில் ஹரி நொல்லர் குழுவினரும், இரண்டாம் காரணி யூஜிஏயை வாசிக்கும் நிலையை இராமகிருஷ்ணன் குழுவினரும் பளிங்குப் படங்களாக வெளியிட்டனர். அங்கே கண்டது எவரும் கருதியதினும் நுட்பமானது. முதல் எழுத்தாகிய யூவைக் காரணியின் முதுகெலும்பே தழுவி நிற்கின்றது. பெரிய எழுத்து எதுவும் அவ்விடத்துக்கு அடங்காது. இரண்டாம் எழுத்தை அறிவதில் நக்கமுரா குறித்த மும்மைக்குப் பங்குண்டு. மூன்றாம் எழுத்தோ ஏனைய இரண்டினின்றும் பிரிக்கப்பட்டுத் தனியறையில் வைத்து நோக்கப்படுகின்றது. மூன்று அமினோவமிலங்கள் மூன்று எழுத்துக்கு ஒன்றுக்கொன்றாக நிற்கும் என்று எண்ணியது மிகை. காரணியின் பல பகுதிகள் கூடியே வாசிக்கின்றன. குறியை உணர்ந்த காரணி விரிந்து, அதன் மறுமுனை சங்கிலியின் கட்டை அணுகி நீர்மூலக்கூறு ஒன்றைக் கொண்டு அதனை அறுக்கின்றது. ஆர்.என்.ஏ. இன்றிப் புரதமே எழுத்தை வாசிக்கும் என்று கப்பெக்கி 1967இற் கூறியது இவ்வாறு கண்கூடாயிற்று.

பற்றீரியாவின் இவ்விவகாரம் மாந்தருக்கு யாது பயன் என வினவுவோர்க்குத் தலசீமியா என்னும் குருதிநோயை நினைவூட்டலே போதும். இலங்கையிலும் இந்தியாவிலும் எத்தனையோ பிள்ளைகள் பிறருடைய குருதியை வாழ்நாளெல்லாம் ஏற்று உயிர்வாழ்வது இதனாலேயே. இந்திய மக்களிடையே காணப்படும் அதன் வகையொன்றில், ஈமோகுளோபினின் பீற்றாச் சங்கிலியில் 15ஆவது சொல்லாகிய யூஜிஜி, ஓரெழுத்துப் பிறழ்ந்து யூஏஜி ஆகின்றது. 146 அமினோவமிலங்கள் கொண்டதாக வேண்டிய சங்கிலி பதினான்கோடு நின்றுவிடும். மாந்தரிடத்து மூன்று குறிகளையும் ஒரே காரணி வாசிக்கின்றது. எனவே பற்றீரியாவிற் கற்ற பாடம் அப்படியே இங்குப் பொருந்தாது. எனினும் கோரினி கண்ட வழியே, ஸ்ரெப்தோமைசினின் இனமாகிய ஜென்ரமைசினைக் கொண்டு இத்தகைய இடைக்குறிகளைத் தாண்டச்செய்ய வேறு பரம்பரை நோய்களில் முயன்றனர். செவியையும் சிறுநீரகத்தையும் அம்மருந்து கெடுப்பது பெருந்தடையாயிற்று. அற்றலூரன் என்னும் வேறொரு மருந்து தசைநலிவு நோய்க்கு ஐரோப்பாவில் 2014இல் நிபந்தனையுடன் அனுமதிக்கப்பட்டு, பயன் போதிய அளவு நிறுவப்படாமையால் 2025இல் அவ்வனுமதியை இழந்தது.

இதற்கிடையே பற்றீரியாவில் வேறொரு வேலை நடந்தது. அமெரிக்க ஆய்வாளர் 2013இல் எசெரிக்கியா கோலியின் 321 யூஏஜி குறிகளையும் யூஏஏ ஆக மாற்றியெழுதி, யூஏஜியை வாசிக்கும் முதற் காரணியின் பரம்பரையலகையே நீக்கினர். பற்றீரியா இறக்கவில்லை. யூஏஏயை வாசிக்க இரண்டாம் காரணி இருந்தது. 2019இற் கேம்பிரிட்ஜின் அதே ஆய்வுகூடத்தில் ஜேசன் சின் குழுவினர் பற்றீரியாவின் முழுப் பரம்பரைத் தொகுதியையும் இரசாயன முறையால் ஆக்கி, 18,000க்கு மேற்பட்ட இடங்களில் எழுத்தை மாற்றி, 64 சொற்களுக்குப் பதிலாக 61 சொற்களால் மட்டும் வாழும் உயிரைத் தோற்றுவித்தனர். நீக்கப்பட்ட மூன்றனுள் ஒன்று யூஏஜி. முற்றுக்குறியாக இருந்த அச்சொல் இப்பற்றீரியாவிற் பொருளின்றி வெறுமையாய் நிற்கின்றது. இயற்கையில் இல்லாத அமினோவமிலங்களை அதற்குப் பொருளாக வழங்கிப் புதிய புரதங்களை ஆக்கும் ஆய்வு அங்கு நடைபெற்று வருகின்றது.